காட்டு முகாமில் இருப்பவர்கள் காவலர்கள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அடங்காத பையன்களைத் திருத்தும் அமெரிக்கக் காட்டு முகாம்கள் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அங்கே வேலை பார்ப்பவர்கள் எல்லோரையும் 'காவலர்கள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். போதாக்குறைக்கு, விசிலோடு ஒரு மீசைக்காரர் படம் வேறு. தொண்ணூறுகளின் கடைசியில் சமூகப்பணி மேற்படிப்புக்காக ஜார்ஜியா போன நான், படிப்பு முடிந்த கையோடு இரண்டு வருடம் அப்படியொரு முகாமில் வேலை செய்தவன். ராணுவ பாணியில் உருட்டி மிரட்டுகிற முகாம்கள் அங்கே உண்டு. அது வேறு ரகம்.

நாங்கள் பின்பற்றியது கேம்பல் லாஃப்மில்லர் வளர்த்தெடுத்த முறை. 1946இல் டல்லாஸில் ஒரு சிறுவர் முகாமின் பொறுப்புக்கு வந்தவர் அவர். பத்துப் பையன்களுக்கு இரண்டு ஆலோசகர்கள். ராத்திரி பகல் எல்லாம் அவர்களோடுதான். பையன்கள் எங்களை 'சீஃப்' என்பார்கள். பட்டம்தான் பெரிசு. பைன் மரத்தைப் பட்டை உரித்துக் கூடாரக் கால் நடுவது, கழிப்பறைக் குழி வெட்டுவது, எல்லாம் அவர்களோடு சேர்ந்து நாங்களும் செய்ய வேண்டும். தள்ளி நின்று ஏவுகிறவனைப் பையன்கள் மதிக்க மாட்டார்கள்.

ஒரு நாள் சாயங்காலம், பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் அடுப்பில் இருந்த பீன்ஸ் சட்டியை எட்டி உதைத்துவிட்டான். முகாம் வழக்கப்படி, தகராறு வந்தால் எல்லோரும் அந்த இடத்திலேயே வட்டமாக நிற்க வேண்டும். பேசித் தீர்க்கும்வரை யாரும் நகரக் கூடாது. மழை பிடித்துக்கொண்டது. ஒரு மணி நேரம் வசவு, அப்புறம் மௌனம். எனக்கும் பசி. கடைசியில் ஒரு வார்த்தை சொன்னான்: "இன்னைக்கும் லெட்டர் வரலை." உதைத்த கதை அதோடு முடிந்தது. சமையல் பொறுப்பில் இருந்த அம்மாள் ராத்திரி ஒன்பது மணிக்கு அடுப்பை மறுபடி பற்றவைத்து எங்களுக்குச் சோளரொட்டி போட்டார். ஏன் தாமதம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பையன்களின் வீட்டாரோடு பேசுவதற்கென்றே இருந்த குடும்பத் தொடர்பாளர் மறுநாள் நாலு மணி நேரம் கார் ஓட்டிப் போய் அந்தப் பையனின் தாயைப் பார்த்துவிட்டு வந்தார். சீஃப், சமையல் அம்மாள், தொடர்பாளர், இந்த மூன்று பேரில் யார் இல்லாவிட்டாலும் சட்டியை உதைத்ததற்கு அவனுக்குத் தண்டனைதான் கிடைத்திருக்கும்.

எங்கள் மேற்பார்வையாளருக்கும் ஒரு வேலை இருந்தது. அது பையன்களைப் பார்ப்பது அல்ல, எங்களைப் பார்ப்பது. எவனுக்காவது குரல் தடித்தால் கூப்பிட்டு, "போய்த் தூங்கு" என்று அனுப்பிவிடுவார். அவர் போனபிறகு அந்த இடத்தை நிரப்பவில்லை. செலவு மிச்சம் என்று இரண்டு சீஃப் இருக்க வேண்டிய குழுவை ஒருவனிடம் விட்டார்கள். ஐந்து ராத்திரி சேர்ந்தாற்போல் தனியாக இருந்த வாரம், நானும் ஒரு பையனின் சட்டையைப் பிடித்தேன். அடுத்த மாதம் வேலையை விட்டேன்.

ராத்திரி வேலையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. என் குழுவில் ஒருவனுக்குப் படுக்கையில் போய்விடும் பழக்கம். இரண்டு மணிக்கு டார்ச்சைக் கைக்குள் பொத்திக்கொண்டு, மற்றவர்களுக்குத் தெரியாமல் அவனை எழுப்பிக் கூட்டிப் போவேன். வேலை விவரப் பட்டியலில் இதெல்லாம் இருக்காது. வட கரோலினாவில் 2024 பிப்ரவரியில் ஒரு பன்னிரண்டு வயதுப் பையன், முகாமுக்கு வந்த முதல் இரவே செத்துப்போனான். ஓர் அறைக்குள், திறந்தால் மணியடிக்கும் கருவி பொருத்திய, பை போன்ற ஒற்றை ஆள் கூடாரத்தில் படுக்கவைத்திருந்தார்கள். மூச்சுத் திணறி இறந்தான் என்றது பிரேதப் பரிசோதனை. பணியாளர்களும் அதே அறையில்தான் இருந்தார்கள். மே மாதம் மாநில அரசு அந்த முகாமின் உரிமத்தை ரத்து செய்தது.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2007இல் தந்த கணக்கையும் உங்கள் கட்டுரையாளர் பார்த்திருக்கலாம்: 2005ஆம் ஆண்டில் மட்டும், பிள்ளைகளைத் தங்கவைக்கும் நிலையங்களில் நடந்த கொடுமைகளில் 1,619 பணியாளர்களுக்குத் தொடர்பு உண்டென்று 33 மாநிலங்கள் தெரிவித்தன. மரம், ஆறு, குளிர்ந்த காற்று என்று விளம்பரம் அழகாகத்தான் இருக்கும்.

கட்டுரையின் கீழே கட்டண விவரம் போட்டிருக்கிறீர்கள். அங்கே இருக்கும் நம் ஆட்களில் யாராவது பிள்ளையை அனுப்ப நினைத்தால், அதற்கு முன் ராத்திரி அவனோடு தூங்கப்போவது யார், அந்த ஆளுக்கு வாரத்தில் எத்தனை நாள் ஓய்வு என்று கேட்கட்டும். அடுத்த இதழில் அந்தக் 'காவலர்கள்' என்ற சொல்லைத் திருத்தி ஒரு குறிப்புப் போட்டால் நல்லது. மீசைக்காரர் படத்துக்கும் சேர்த்து.

இப்படிக்கு,
முன்னாள் சீஃப் ஒருவன்,
பாளையங்கோட்டை