பயிற்சிச் சீட்டில் ஓய்வையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பக்கவாதம் வந்து வீடு திரும்பியவர் பகலில் சற்றுக் கண்ணயர்ந்தால் போதும், 'படுத்தே கிடந்தால் கை கால் எப்படி வரும்?' என்று எங்கள் பகுதியில் பார்க்க வருபவர்களெல்லாம் கேட்டுவிடுகிறார்கள். பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்தால்தான், சேதமடைந்த பகுதியின் வேலையை மூளையின் மற்றப் பகுதிகள் பழகிக்கொள்ளும் என்பது உண்மையே. ஆனால் பக்கவாதத்துக்குப் பின் வரும் களைப்பு, நடவு முடித்து வந்தவரின் அசதியைப் போல ஓர் இரவு தூங்கினால் தீர்வதன்று. லேசான பாதிப்போடு தப்பி, நன்றாக நடமாடுபவரையும் அது விடுவதில்லை. அதைச் சோம்பல் என்று ஏசுவது கொடுமை.

என் சித்தப்பா நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியில், முதல் சில முறை இரு கால்களிலும் சமமாக எடை வைப்பார். பிறகு உடல் நல்ல கால் பக்கம் சாயும். நடக்கச் சொன்னால் மற்றக் காலின் விரல்கள் தரையைத் தேய்க்கும். அதற்கு மேல் செய்ய வைத்தால் தவறான அசைவுதான் பழகும், விழவும் நேரலாம் என்பதால், அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார் வீட்டுக்கு வந்த இயன்முறை மருத்துவர். ஒரே மூச்சில் செய்யாமல் காலை, மாலை எனப் பிரித்துக்கொள்வது, களைப்பதற்கு முன்பே ஓய்வெடுப்பது, நாற்காலி போட்டு உட்கார்ந்து குளிப்பது ஆகியவையும் அவர் சொன்னவையே. (தெம்பாக இருக்கும் நாளில் எல்லாவற்றையும் செய்துவிட்டு மறுநாள் எழ முடியாமல் கிடப்பது சித்தப்பாவின் வழக்கம், விவசாயி அல்லவா!) ரத்தசோகை, தூக்கக் குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகள் ஆகியவையும் களைப்பைக் கூட்டும் என்பதால் மருத்துவரிடம் அதைச் சொல்லியாக வேண்டும்.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பேருந்து மாறித் தஞ்சாவூருக்குப் போய் வரிசையில் காத்திருக்கும் நோயாளிக்கு, பயிற்சி தொடங்கும் முன்பே உடலில் இருந்த தெம்பு போய்விடுகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிப்பது இந்த வகையில் பெரிய உதவி. ஆயினும் ஒன்றியம் முழுவதையும் சுற்றிவரும் ஒருவரால் ஒரே வீட்டுக்கு அடிக்கடி வர இயலாது. எனவே, மாத்திரை கொடுக்க வரும் மகளிர் தன்னார்வலர்களுக்குக் களைப்பின் அறிகுறிகளைக் கவனிக்கப் பயிற்சி அளிக்க வேண்டும்; மருத்துவமனையில் தரும் பயிற்சிச் சீட்டில், எத்தனை முறை செய்வது என்பதோடு எப்போது நிறுத்துவது, எவ்வளவு நேரம் ஓய்வெடுப்பது என்பதையும் தமிழில் எழுதித் தர வேண்டும் என்று மக்கள் நல்வாழ்வுத் துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்.