ஙு-வில் தொடங்கும் ஒரு சொல்

அன்புள்ள பெற்றோருக்கும் தாத்தா பாட்டிமாருக்கும் வணக்கம்.

போன பருவத்தில் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் உயிர்மெய் அட்டையில் விரலை வைத்து, "டீச்சர், இந்த ஙு-வில் ஒரு சொல்கூட இல்லையே, அப்புறம் ஏன் எழுதணும்?" என்று கேட்டான். நாம் எல்லோரும் சின்ன வயதில் கேட்க நினைத்த கேள்விதான். அவனுடைய ஆசிரியை பலகையில் 'ஙுரா' என்று எழுதினார். நம் தமிழ்ப் பள்ளி நிற்கும் இந்த மேற்கு சிட்னி நிலத்தின் பூர்வகுடி மொழி தாருக். ஊர், இருப்பிடம், சொந்த மண் எல்லாமே அதில் ஙுராதான். ஆங்கிலம் மட்டும் பேசி வளர்ந்தவர்கள் சொல்லின் முதலில் ங வந்தால் திணறுவார்கள். நம் பிள்ளைகள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்கள்.

அதை வாசலில் நின்று பார்த்ததிலிருந்து இந்தக் கடிதம் எழுத வேண்டும் என்றிருந்தேன். மே 27 முதல் ஜூன் 3 வரை, ஆஸ்திரேலியாவில் பூர்வகுடி மக்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான நல்லிணக்க வாரம். அதற்கு முந்தைய சனிக்கிழமையிலிருந்து தாருக் சொற்கள் நம் பள்ளியின் அன்றாடத்தில் இருக்கும். தனிப் பாடவேளை கிடையாது, பரீட்சையும் கிடையாது. காலைக் கூட்டத்தில் 'வணக்கம்' சொன்னதும் 'வரமி' என்று தாருக்கிலும் சொல்வோம். அவ்வளவு எளிமையாகத்தான் தொடங்குகிறோம்.

"தமிழே தடுமாறுது, இதில் இன்னொரு மொழியா?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கவலை. ஆனால் என் அனுபவத்தில் இது தமிழுக்கு உதவுகிறது. ஆஸ்திரேலியாவின் பல பூர்வகுடி மொழிகளில் ந, ன, ண மூன்றும் தனித்தனி ஒலிகள். தாருக்கில் ஆங்கில P-யும் B-யும் வேறு வேறு ஒலிகளாகப் பிரிவதில்லை. தமிழில் ஒரே ப இரண்டுக்கும் நிற்கிறதே, அதுபோல. இது புரியாமல்தான் வெள்ளைக்காரர்கள் பரமட்டா ஊரின் பெயரை Parramatta என்றும் Burramatta என்றும் மாற்றி மாற்றி எழுதினார்கள். ஆங்கில எழுத்தில் சிக்கும் இடம் தமிழ் எழுத்தில் சிக்குவதில்லை என்று பார்க்கிற பிள்ளைக்குத் தன் எழுத்துமேல் ஒரு பெருமை வருகிறது.

காரில் வரும்போதே பாதிப் பாடம் நடந்துவிடும். பரமட்டா என்றால் விலாங்கு மீன் படுக்கும் இடம். அந்த ஊர் ரக்பி அணியின் பெயர் ஏன் விலாங்கு என்று இப்போது பிள்ளைகளே உங்களுக்குச் சொல்வார்கள். அந்த ஆற்று விலாங்குகள் முட்டையிடக் கடலில் இறங்கி, வடக்கே பவளக் கடல்வரை நீந்திப் போகின்றன. துங்காபி என்றால் நீரருகே உள்ள இடம் என்கிறார்கள். வாலபி, வாம்பட், டிங்கோ எல்லாம் இந்த மண்ணின் சொற்களே.

எனக்கு மிகப் பிடித்த சொல் 'புட்டுவா'. 1790, 91-இல் வில்லியம் டாஸ் என்ற கடற்படை அதிகாரிக்குப் பட்யகராங் என்ற இளம்பெண் தன் மொழியைக் கற்றுக்கொடுத்தாள். அவர் எழுதி வைத்த நோட்டுப் புத்தகங்கள் இன்று லண்டனில் இருக்கின்றன. நெருப்பில் தன் கையைச் சூடாக்கி, இன்னொருவர் விரல்களை மெதுவாகப் பிடித்து அழுத்துவது; இந்தச் செயல் முழுவதற்கும் அந்த ஒரே சொல். யாரோ ஒருவர் குளிரில் நடுங்கியிருக்கிறார், இன்னொருவர் சூடு கொடுத்திருக்கிறார், அது மொழியில் தங்கிவிட்டது.

பெரிய பிள்ளைகளுக்குக் கடினமான பக்கத்தையும் சொல்லப்போகிறோம். 1815-இல் பரமட்டாவில் ஆளுநர் மக்குவாரி பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்தும் மொழியிடமிருந்தும் பிரித்த பள்ளி அது. 1823-இல் அது மாற்றப்பட்ட இடத்தை ஒட்டித்தான் பிளாக்டவுன் என்ற பெயரே வந்தது. நம்மில் பாதிப் பேர் அங்கேதான் குடியிருக்கிறோம். 2018-இல் அந்த நிலம் தாருக் மக்களிடம் திரும்பப் போய்ச் சேர்ந்தது. உங்கள் பிள்ளை வீட்டில் இதைப் பற்றிக் கேட்டால், தயவுசெய்து பேச்சை மாற்றாதீர்கள்.

ஒரு தவறையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு வருடம் முன்பு ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளைப் புள்ளி ஓவியம் வரையச் சொன்னோம். பார்க்க வந்த தாருக் மூத்தவர் ஒருவர் பொறுமையாக விளக்கினார்: அது நடுப் பாலைவனத்து மக்களின் ஓவிய முறை, இந்த ஊருடையது இல்லை, அதன் வடிவங்களுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள், கேட்காமல் எடுக்கக் கூடாது. அன்றிலிருந்து எதைச் செய்வதற்கு முன்பும் அவரைக் கேட்கிறோம். இந்தச் சொற்களையும் அப்படிக் கேட்டுத்தான் எடுத்திருக்கிறோம். பிள்ளைகள் அவரை ஆன்ட்டி என்று அழைப்பார்கள். பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பதை நம் பிள்ளைகளுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அம்மாவின் அக்கா தங்கைகளையும் அம்மா என்றே அழைக்கும் பூர்வகுடி மொழிகள் பல உண்டு என்று சொன்னபோது, "பெரியம்மா, சின்னம்மா மாதிரி!" என்று வகுப்பே கத்தியது.

காலைக் கூட்டத்தில் இந்த மண்ணின் மக்களுக்கு மரியாதை சொல்லும் வரிகளைத் தமிழில் எழுத ஆசிரியர்கள் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்தோம். அந்த மக்கள் 'கன்ட்ரி' என்று சொல்வதில் நிலம், ஆறு, மரம், விலங்கு, முன்னோர், சட்டம் எல்லாம் அடக்கம். நாடு என்றால் பாஸ்போர்ட் ஞாபகம் வருகிறது. நிலம் என்றால் பத்திரம். திணை மிக நெருங்கி வந்தது, ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்குப் புரியாது. அங்கே தேநீர் கொடுக்க வந்த யாழ்ப்பாணத்துப் பாட்டி ஒருவர், "நாங்கள் எங்கட மண் எண்டுதானே சொல்லுவம்" என்றார். அத்தோடு முடிந்தது. 'மண்' என்றே எழுதிவிட்டோம்.

வீட்டில் உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். உங்கள் தெருவின், பக்கத்து ஓடையின், பூங்காவின் பெயர் எந்த மொழி என்று பிள்ளையோடு சேர்ந்து தேடிப் பாருங்கள். தெரிந்ததை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள், கூடத்துச் சுவர் வரைபடத்தில் ஒட்டுவோம். பாட்டிமார் வந்து ஒட்டினால் இன்னும் சந்தோஷம்.

அந்த முதல் சனிக்கிழமை காலை 9 மணிக்கு முன்பே பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுங்கள். ஆன்ட்டி வந்து தன் மண்ணுக்கு நம்மை வரவேற்பார், நடுவில் கதவைத் திறந்து நுழைவது நன்றாக இருக்காது. மைதானத்தில் வரவேற்புச் சடங்காக யூகலிப்டஸ் இலைகளால் புகை போடுவார். ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் இன்ஹேலர் எடுத்து வரட்டும், வகுப்பாசிரியரிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஸ்வெட்டரை மறக்க வேண்டாம், வெளியே குளிரும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்