தேரிக்கு ஒரு காற்று, தார்ச்சாலைக்கு ஒரு காற்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென் மாவட்டங்களில், எஞ்சின் விசை நான்கு சக்கரங்களுக்கும் செல்லும் ‘ஃபோர் வீல் டிரைவ்’ வண்டிகள் பெருகி வருகின்றன. விடுமுறை நாள்களில் அவற்றை எடுத்துக்கொண்டு மலைப்பாதைகளுக்கும் மணற்பாங்கான இடங்களுக்கும் செல்வோர் தொகையும் கண்கூடாகக் கூடியிருக்கிறது. வண்டியின் எஞ்சின் திறனைப் பற்றியும் கியர் வசதிகளைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசக்கூடியவர்கள்கூட, டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்ற முடிவைப் பெட்ரோல் பங்க்கில் காற்றுக் குழாயோடு நிற்கும் தம்பியிடமே விட்டுவிடுகிறார்கள். “எவ்வளவு வைக்கணும்?” என்று அவர் கேட்பார். “வழக்கமா வைக்கிறதை வைங்க” என்று பதில் வரும். அந்த வழக்கம் பெரும்பாலும் 35 பி.எஸ்.ஐ. (டயரின் காற்றழுத்தத்தைக் குறிக்கும் அலகு). ஓட்டுநர் மட்டும் இருக்கும் வண்டிக்கும் 35. ஏழு பேரும் மூட்டை முடிச்சும் ஏறிய வண்டிக்கும் 35. நெடுஞ்சாலைக்குப் போனாலும் மணலுக்குப் போனாலும் அதே 35. இந்த வழக்கம் மாற வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தார்ச்சாலைக்கு உரிய அழுத்தம் எது என்பதை வண்டியைத் தயாரித்தவர்களே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் ஒரு சிறிய அட்டவணை தெரியும். முன் சக்கரத்துக்கு எவ்வளவு, பின் சக்கரத்துக்கு எவ்வளவு என்று அதில் இருக்கும். பல வண்டிகளில் முழுப் பாரம் ஏற்றினால் எவ்வளவு என்பதும் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து அதுவே சரியான அளவு என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது அந்த டயருக்கு வகுக்கப்பட்ட உச்ச வரம்பு. அந்த வண்டிக்கு ஏற்ற அளவு அன்று. கதவில் உள்ள அளவும் குளிர்ந்த டயருக்கு உரியது என்பதை மறக்கக் கூடாது. வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓடாதிருக்க வேண்டும். அப்போது அளந்தால்தான் அது உண்மையான கணக்கு.

ஓட ஓட டயர் சூடாகி அழுத்தம் நான்கைந்து பி.எஸ்.ஐ. ஏறுவது இயல்பு. ஏறியதைக் கண்டு பதறி, சூடான டயரிலிருந்து காற்றை இறக்குகிறவர்களைப் பல பங்க்குகளில் பார்க்கிறேன். மறுநாள் காலையில் டயர் குளிர்ந்ததும் அதே வண்டி, இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே காற்றோடு சாலைக்கு வருகிறது. ஊட்டி போன்ற இடங்களுக்கு ஏறுமுன் காற்றைக் குறைக்க வேண்டும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. உயரே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மீட்டரில் எண் கூடும் என்பது உண்மைதான். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் இந்தக் கூடுதல் மூன்று பி.எஸ்.ஐ.யைத் தாண்டும். ஆனால் சமவெளியில் 35 டிகிரி வெயிலில் 33 பி.எஸ்.ஐ. இருந்த டயர், அங்கே 10 டிகிரிக் குளிரில் நிற்கும்போது கிட்டத்தட்ட அதே அளவை இழந்துவிடுகிறது. ஒன்றை மற்றொன்று ஈடுகட்டிவிடுவதால், மலை ஏறுவதற்காக மட்டும் காற்றைக் குறைக்க வேண்டிய தேவையே இல்லை.

மணல் முற்றிலும் வேறு. திருச்செந்தூர், சாத்தான்குளம் பகுதிகளில் பரந்து கிடக்கும் செம்மணல் தேரியை அறிந்தவர்களுக்கு, அங்கே வண்டி எப்படிச் சிக்கும் என்பது தெரிந்திருக்கும். தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலுக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவர் பாதையை விட்டுச் சற்றே விலகினாலும், நொடியில் சக்கரம் புதைகிறது. உடனே ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை அழுத்துகிறார். நான்கு சக்கரமும் சேர்ந்து சுழல்வதால் நான்கு குழிகள் விழுகின்றன. சற்று நேரத்தில் வண்டியின் அடிப்பாகம் மணல்மேல் படிந்து உட்கார்ந்துவிடுகிறது. அதற்குமேல் எத்தனை பேர் தள்ளினாலும் அசையாது. செய்ய வேண்டியது எளிது. எஞ்சினை அணைத்து, நான்கு டயரிலும் 18 பி.எஸ்.ஐ. வரை காற்றை இறக்கி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மணலை வாரி எடுத்துவிட்டு, வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னோக்கி எடுத்தால் பெரும்பாலும் வண்டி வெளியே வந்துவிடும். காற்று இறங்கும்போது டயரின் அடியைக் கவனித்தால் காரணம் விளங்கும். டயர் பக்கவாட்டில் பிதுங்குவது கண்ணுக்குத் தெரிந்தாலும், தரையில் படியும் பகுதி அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகமாக விரிகிறது. அதே எடை கூடுதல் பரப்பில் பரவுவதால், டயர் மணலைத் தோண்டாமல் அதன்மேல் ஏறிச் செல்கிறது. இதை வண்டி சிக்கிய பிறகு செய்வதைவிட, மணலில் இறங்குமுன் செய்வதே முறை. 15 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போவது ஆபத்து. வேகமாகத் திருப்பினால் டயர் ரிம்மை விட்டே கழன்றுவிடக்கூடும்.

இந்த அளவுக்கு விவரம் தெரிந்தவர்கள்கூடத் தவறவிடுவது அடுத்த கட்டத்தைத்தான். மணலை விட்டு வெளியே வந்தவுடன் காற்றைத் திரும்ப நிரப்ப வேண்டும். கையில் கம்ப்ரசர் இல்லாதவர்கள், “பக்கத்து ஊரில் நிரப்பிக்கொள்ளலாம்” என்று சொல்லிக்கொண்டு, 18 பி.எஸ்.ஐ.யோடு திருநெல்வேலிச் சாலையில் எண்பது, தொண்ணூறு என்று பறக்கிறார்கள். அந்த நிலையில் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி விரிகிறது. அதனால் உண்டாகும் சூடு உள்ளேயே தங்குகிறது. டயரின் ரப்பரும் அதற்குள் இருக்கும் எஃகுப் பட்டையும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. 18 பி.எஸ்.ஐ. உள்ள டயரில் முப்பது, மிஞ்சிப்போனால் நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்குமேல் போகக் கூடாது. அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிரிந்து 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த கதை இங்கே நினைக்கத்தக்கது. 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. டயரின் தயாரிப்புக் குறைகளோடு, வண்டி நிறுவனம் பரிந்துரைத்திருந்த 26 பி.எஸ்.ஐ. என்ற குறைந்த அழுத்தமும் அப்போது கடும் சர்ச்சைக்கு உள்ளானது. அந்நாட்டின் வெயில் மிகுந்த தென் மாநிலங்களின் நெடுஞ்சாலைகளில், வேகமாகப் போகும்போதுதான் அந்த விபத்துகள் அதிகம் நிகழ்ந்தன. நம் சித்திரை வெயிலில் நான்குவழிச் சாலை எப்படிக் கொதிக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சம்பவங்களை அடுத்து வந்த சட்டத்தின் விளைவாகத்தான், டயர் அழுத்தம் குறைந்தால் ஓட்டுநருக்கு விளக்கு காட்டி எச்சரிக்கும் கருவி அந்நாட்டுப் புதிய கார்களில் கட்டாயமாயிற்று.

இரண்டாம் உலகப் போரில் கடலிலும் கரையிலும் ஓடிய அமெரிக்க ராணுவத்தின் டக் வண்டிகளில், ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே டயர் காற்றைக் குறைக்கவும் கூட்டவும் வசதி இருந்தது. கடற்கரை மணலுக்குக் குறைப்பது எவ்வளவு அவசியமோ, அதைக் கடந்து கெட்டித் தரைக்கு வந்ததும் கூட்டுவதும் அவ்வளவு அவசியம் என்று அவர்கள் கருதியிருக்கிறார்கள்.

கல் பாதைக்குக் கணக்கு மீண்டும் மாறும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப்பில் போனவர்களுக்கு, குலுக்கி எடுக்கும் அந்தப் பாறைத் தடம் நினைவிருக்கும். இத்தகைய தடங்களில் காற்றை 25 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்தால் டயர் கல்லின்மேல் வளைந்து கொடுத்துப் பிடித்துக்கொள்ளும். பயணிகளின் முதுகும் தப்பும். ஆனால் மணலுக்குக் குறைப்பதுபோல இங்கே குறைத்துவிட்டால், பிதுங்கிய பக்கச்சுவரைக் கூரிய கல் கிழித்துவிடும். அந்த இடத்தில் விழும் கிழிசலை எந்தப் பஞ்சர் கடையிலும் சரிசெய்ய முடியாது. டியூப் போட்ட பழைய ஜீப்புகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. காற்று மிகக் குறைந்தால் டயர் ரிம்மின்மேல் நழுவிச் சுழன்று, டியூபையும் இழுத்துக்கொண்டு போய் வால்வின் கழுத்தை அறுத்துவிடும்.

கதவில் ஒட்டிய அட்டவணை, வண்டியோடு வந்த அளவு டயருக்கே பொருந்தும் என்பதையும் கவனத்தில் கொள்ள வேண்டும். தோற்றத்துக்காகப் பெரிய டயர் மாட்டிக்கொள்கிறவர்கள் இன்று மிகுந்துவிட்டார்கள். கனரக வகை டயராக இருந்தால், அதே பாரத்தைத் தாங்க அதற்குக் கூடுதல் காற்று தேவைப்படலாம். அவர்கள் டயர் நிறுவனத்தின் பார அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் நெடும்பயணம் செய்வோர் கையாளும் ஒரு முறையும் உதவும்: காலையில் குளிர்ந்த நிலையில் அளந்து, ஒரு மணி நேரம் சாலையில் ஓட்டியபின் மீண்டும் அளந்தால், நான்கு பி.எஸ்.ஐ. அளவுக்கு ஏறியிருக்க வேண்டும். அதைவிட அதிகம் ஏறியிருந்தால் தொடக்கத்தில் காற்று குறைவு. குறைவாக ஏறியிருந்தால் காற்று அதிகம். கனரக டயருக்கு இந்த ஏற்றத்தை ஆறு வரை ஒப்புக்கொள்கிறார்கள்.

நைட்ரஜன் நிரப்பினால் இந்தக் கவலையெல்லாம் இல்லை என்று சொல்லிக் கட்டணம் வாங்குகிறார்கள். நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். அதுவும் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். அதை நிரப்புவதில் தவறில்லை. அதை நம்பி அளக்காமல் விடுவதுதான் தவறு.

அளப்பதற்கும் நம்பகமான கருவி வேண்டுமே! ஒரே நாளில், ஒரே குளிர்ந்த டயரை இரண்டு பங்க்குகளில் அளந்தால் இரண்டு எண்கள் வருகின்றன. பெட்ரோல் ஊற்றும் எந்திரத்தைச் சட்டமுறை எடையளவு அலுவலர்கள் சோதித்து முத்திரை இடுகிறார்கள். காற்று நிரப்பும் கருவிகளையும் அவர்கள் குறித்த காலத்தில் சோதித்து, சோதித்த தேதியை அதன்மேலேயே எழுதி ஒட்ட ஏற்பாடு செய்தால், எல்லா வண்டிகளுக்கும் பயன்படும். தேரியையும் கடற்கரையையும் ஒட்டியுள்ள பங்க்குகளில், “மணலிலிருந்து வருகிறீர்களா? காற்றை நிரப்பிவிட்டுச் செல்லுங்கள்” என்று தமிழில் ஒரு பலகை வைக்க எண்ணெய் நிறுவனங்கள் முன்வர வேண்டும். காற்று நிரப்பும் ஊழியர்கள், 35 வைக்குமுன் கதவைத் திறந்து அட்டவணையைப் பார்க்கும்படி அவர்களுக்கு ஒரு மணி நேரப் பயிற்சி தந்தாலும் போதும். தங்கள் நாளிதழ் இதை உரியவர்களின் கவனத்துக்குக் கொண்டுசெல்லும் என்று நம்புகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நாளிதழின் வாசகர்,
திருச்செந்தூர் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.