மலருக்கு நான்கு பக்கம் கேட்டாயே, செல்வி

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. சோம்பல்தான் காரணம் என்று நினைத்திருப்பாய். பாதி உண்மை. மீதிப் பாதிக்கு நீ கேட்ட கேள்விதான் காரணம். பள்ளியின் நூற்றாண்டு விழா மலருக்கு 'வரலாறும் நோக்கமும்' என்று நான்கு பக்கம் எழுதித் தரச் சொல்லி உன் தலையில் கட்டிவிட்டார்கள். 'முப்பது வருஷம் வரலாறு நடத்தியவள் நீதானே, எங்கே தொடங்குவது என்று சொல்' என்று என்னைக் கேட்கிறாய்.

நோக்கத்தை எழுத உனக்கு என் உதவி வேண்டாம். 'அறிவும் ஒழுக்கமும் நிறைந்த நல்ல குடிமக்களாக மாணவர்களை உருவாக்குதல்.' எந்தப் பள்ளி மலரைப் புரட்டினாலும் இதே வரிதான். நான் கடைசியாக வேலை பார்த்த இடத்தில் இதை அலுவலகச் சுவரில் பெயின்ட்டால் எழுதி வைத்திருந்தார்கள். ஒரு மழைக்காலத்தில் காரை பெயர்ந்து 'டி' விழுந்துவிட்டது. அப்புறம் நான்கைந்து வருஷம் நாங்கள் நல்ல 'குமக்களை' உருவாக்கிக்கொண்டிருந்தோம். தினமும் அதன் கீழே நின்று கையெழுத்துப் போட்ட நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை. ஒரு ஏழாம் வகுப்புப் பெண்தான் கண்டுபிடித்தாள்.

சரி, இங்கே செய்திக்கு வருகிறேன். பாஸ்டனுக்குப் பக்கத்தில் மகள் வீட்டில்தான் இருக்கிறேன். குளிர் பழகிவிட்டது, மூட்டுதான் பழகவில்லை. பேரன் ஒன்பதாம் வகுப்பு, அரசு உயர்நிலைப்பள்ளி. இங்கே 'பப்ளிக் ஸ்கூல்' என்றால் மக்களின் வரிப்பணத்தில் நடப்பது, கட்டணம் இல்லாதது. பகலில் எல்லோரும் கிளம்பிப் போனபின் நான் நூலகத்துக்குப் போய்விடுவேன். உன் கேள்வி மண்டையில் இருந்ததால் பள்ளிக்கூட வரலாறாகவே எடுத்துப் படித்தேன். பார்த்தால், அமெரிக்காவின் முதல் அரசு உயர்நிலைப்பள்ளி பிறந்ததே இந்த பாஸ்டனில்தானாம்.

அதற்கு முன்பும் இங்கே பள்ளி இருந்தது. 1635-இல் தொடங்கிய லத்தீன் பள்ளி. அடுத்த வருஷமே ஹார்வர்ட் கல்லூரி. லத்தீனும் கிரேக்கமும் படித்துக் கல்லூரிக்குப் போகிற பையன்களுக்கான வழி அது. கடை வைக்கப்போகிற, பட்டறையில் வேலை செய்யப்போகிற வீட்டுப் பிள்ளை பன்னிரண்டு வயதுக்கு மேல் படிக்க வேண்டுமென்றால் காசு கொடுத்துத் தனியாரிடம்தான் போக வேண்டும். அந்தப் பையன்களுக்காக 1821-இல் நகரமே ஒரு பள்ளியைத் திறந்தது. லத்தீன் கிடையாது. ஆங்கிலம், கணக்கு, நில அளவை, கப்பலோட்டும் கணிதம், வரலாறு, தர்க்கம். மூன்று வருஷப் படிப்பு. 1824-இல் 'இங்கிலிஷ் ஹைஸ்கூல்' என்று பெயர் வைத்தார்கள். இன்றும் அந்தப் பள்ளி நடக்கிறது. லத்தீன் பள்ளியோடு 1887-இல் ஆரம்பித்த கால்பந்துப் பகையும் கூடவே இருக்கிறது. (நம் கால்பந்து இல்லை, கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற அவர்களுடைய கால்பந்து.)

இதுவரை மலருக்கு ஏற்ற வரலாறு. அடுத்து வருவதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும்.

பையன்கள் பள்ளி நன்றாக ஓடியதைப் பார்த்து 1826-இல் பெண்களுக்கும் ஒன்று தொடங்கினார்கள். முதல் சேர்க்கையிலேயே இருந்த இடங்களைவிட அதிகமான பெண்கள் வந்து நின்றார்கள். இரண்டே வருஷம், 1828-இல் மூடிவிட்டார்கள். பெண்கள் படிக்கவில்லை என்றா? இல்லை. பையன்கள் பாதியிலேயே கடைக்கோ கப்பலுக்கோ வேலைக்குப் போய்விடுவார்கள், அதனால் வகுப்பு தானாகக் குறைந்துகொண்டே வரும், செலவும் அடங்கும். பெண்கள் அப்படிப் பாதியில் நின்றுவிடவில்லை. சேர்ந்தவர்கள் கடைசிவரை இருக்கப் பார்த்தார்கள். வருஷா வருஷம் புதிதாக வருபவர்களையும் சேர்த்தால் நகரத்துக்குக் கட்டுப்படியாகாது என்றார் மேயர் ஜோசையா குவின்சி. பள்ளி வெற்றி பெற்றதுதான் அதன் குற்றம். அடுத்த கால் நூற்றாண்டுக்கு பாஸ்டன் பெண்களுக்கு அரசு உயர்நிலைப்பள்ளி இல்லை. குவின்சியோ அடுத்த வருஷமே ஹார்வர்டின் தலைவராகிப் பதினாறு வருஷம் இருந்தார்.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, செல்வி. நம்மோடு படித்த பெண்களில் எத்தனை பேர் ஒன்பதாவது தாண்டினார்கள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒரு சந்தேகம் வந்தது. ஒரு பள்ளி எதற்காகத் திறக்கப்பட்டது என்று கேட்டால் எல்லோரும் அழகாகப் பேசுவார்கள். எதற்காக மூடினார்கள் என்று கேட்டால்தான் உண்மை வருமோ? அன்றிலிருந்து மூடப்பட்ட பள்ளிகளாகவே தேடிப் படிக்கிறேன். மகள் கேலி செய்கிறாள், 'அம்மா இறுதிச் சடங்கு வரலாறு படிக்கிறாள்' என்று.

பாஸ்டனுக்கு வடக்கே பெவர்லி என்று ஒரு கடலோர ஊர். செருப்புத் தொழிலாளிகள் நிறைய இருந்த ஊர். 500 குடும்பங்களுக்கு மேல் உள்ள ஊர்கள் உயர்நிலைப்பள்ளி வைத்தே ஆக வேண்டும் என்று 1827-இலேயே மாநிலச் சட்டம் வந்தாயிற்று. பெவர்லி முப்பது வருஷம் தட்டிக்கழித்துக் கடைசியில்தான் திறந்தது. 1860 மார்ச்சில் ஊர்க்கூட்டம் போட்டு, 249-க்கு 143 என்ற வாக்கில், பள்ளி வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். வேண்டாம் என்றவர்களில் உழைப்பாளிகள் பலர். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. யோசித்தால், பதினான்கு வயதில் சம்பாதிக்க வேண்டிய பிள்ளையை வைத்திருக்கிறவன், தன் பிள்ளை ஏறப்போகாத திண்ணைக்கு எதற்கு வரி கட்டுவான்? அவன் மூடியது பள்ளியை அல்ல, அடுத்தவன் பிள்ளைக்குத் தான் கட்டும் பீஸை. இதில் நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. உனக்கு என்ன தோன்றுகிறது என்று எழுது.

பணக்காரர்கள் பக்கமிருந்தும் இதே வழக்கு வந்திருக்கிறது. மிஷிகன் மாநிலத்தில் கலமசூ என்ற ஊரில், தொடக்கப்பள்ளிக்கு வரி கட்டலாம், உயர்நிலைப்பள்ளிக்கு எதற்கு என்று சில வசதியானவர்கள் நீதிமன்றம் போனார்கள். 1874-இல் நீதிபதி தாமஸ் கூலி தள்ளுபடி செய்தார். மாநிலம் கீழே தொடக்கப்பள்ளி வைத்திருக்கிறது, மேலே பல்கலைக்கழகம் வைத்திருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லாமல் விட்டால் காசுள்ளவன் மட்டும்தானே மேலே போய்ச் சேருவான் என்பதுதான் அவர் தீர்ப்பின் சாரம். அந்தத் தீர்ப்புக்குப் பின் மற்ற மாநிலங்களிலும் வரிப்பணத்தில் உயர்நிலைப்பள்ளி நடத்துவது எளிதாயிற்று. இதே ஊரில் 2005-இல், பெயர் சொல்ல விரும்பாத சிலர், ஊரின் அரசுப் பள்ளியில் படித்து முடிக்கிற பிள்ளைகளுக்கு மாநிலக் கல்லூரிக் கட்டணத்தைத் தாங்களே கட்டுவதாக அறிவித்தார்கள். ஒரே ஊர், இரண்டு வகைப் பணக்காரர்கள்.

நீ கேட்ட 'நோக்கம்' பற்றியும் இரண்டு பெரிய அறிக்கைகள் உண்டு. சுருக்கமாகச் சொல்கிறேன். 1893-இல் ஹார்வர்டின் சார்லஸ் எலியட் தலைமையில் பத்துப் பேர் கொண்ட குழு, கல்லூரிக்குப் போகிறவனோ போகாதவனோ, ஒரு பாடத்தை எல்லோருக்கும் ஒரே மாதிரி நடத்து என்றது. 1918-இல் இன்னொரு குழு ஏழு நோக்கங்களை எழுதியது: உடல்நலம், அடிப்படைத் திறன்கள், நல்ல குடும்ப வாழ்க்கை, தொழில், குடிமைப் பண்பு, ஓய்வு நேரத்தை நல்லபடி கழித்தல், ஒழுக்கம். அந்த ஆறாவது எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஓய்வை எப்படிக் கழிப்பது என்று பள்ளி சொல்லித்தர வேண்டும் என்று நூறு வருஷத்துக்கு முன்பே யாரோ யோசித்திருக்கிறார்கள். நாம் பி.இ.டி. பீரியடைக்கூட கணக்கு டீச்சருக்குத் தாரை வார்த்தவர்கள்.

இந்த அறிக்கைகள் வந்த காலத்தை ஒட்டித்தான் கூட்டமும் பெருகியது. 1910-இல் பதினெட்டு வயதுக்காரர்களில் நூற்றுக்கு 9 பேர் அளவில் உயர்நிலைப்பள்ளி முடித்தார்கள், 1940-இல் பாதிப்பேர். கூட்டம் பெருகியதும் பழைய கேள்வி வேறு வேஷத்தில் வந்தது. எல்லோரும் உள்ளே வரட்டும், ஆனால் எல்லோருக்கும் எதற்கு இயற்கணிதம்? சிலருக்குத் தச்சு வேலை போதாதா?

யார் அந்தச் சிலர்? வாஷிங்டனில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று 1870-இல் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் தொடங்கிய உயர்நிலைப்பள்ளிக்கு 1902-இல் தலைமையாசிரியை ஆனவர் அன்னா ஜூலியா கூப்பர். அடிமையாகப் பிறந்தவர். கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கைத்தொழிலே போதும் என்ற பேச்சு பலமாக இருந்த காலத்தில், லத்தீனும் கணக்கும் நடத்தி மாணவர்களைப் பெரிய கல்லூரிகளுக்கு அனுப்பினார். நான்கு வருஷத்தில் பதவி போயிற்று. சில வருஷம் கழித்து அதே பள்ளிக்குச் சாதாரண ஆசிரியையாகத் திரும்பி வந்து பாடம் நடத்தினார். அறுபது தாண்டியபின், 1925-இல், பாரிஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். நமக்கு ஓய்வு பெற்றதும் முதலில் தோன்றியது டி.வி. வாங்கலாம் என்பதுதான்.

கடைசியாக ஒரு பள்ளி. வர்ஜீனியாவில் ஃபார்ம்வில் என்ற சிறிய ஊர். கறுப்பின மாணவர்களுக்கான மோட்டன் உயர்நிலைப்பள்ளி 180 பேருக்காகக் கட்டப்பட்டது. 1951-இல் படித்தவர்கள் சுமார் 450 பேர். தார்த்தாள் ஒட்டிய கொட்டகைகளில் வகுப்பு. மழை வந்தால் ஒழுகும். அந்த ஏப்ரலில் பார்பரா ஜான்ஸ் என்ற பதினாறு வயதுப் பெண் ஒரு வேலை செய்தாள். நம் மாணவர்கள் சிலர் பேருந்து நிலையத்தில் சிக்கலில் மாட்டியிருக்கிறார்கள் என்று தலைமையாசிரியருக்குப் போன் போகும்படி செய்து அவரை வெளியே கிளப்பினாள். அவர் பெயரில் பொய்க் குறிப்பு அனுப்பி எல்லா வகுப்பையும் கூடத்துக்கு வரவழைத்தாள். மேடையேறி, ஆசிரியர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, வேலைநிறுத்தம் என்றாள். நீ அங்கே ஆசிரியையாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? நான் முதலில் அவள் அப்பாவுக்கு ஆள் அனுப்பியிருப்பேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

அவர்கள் கேட்டது நல்ல கட்டடம். உதவிக்கு வந்த வழக்கறிஞர்கள், கட்டடத்துக்காக வாதாட மாட்டோம், கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் தனித்தனிப் பள்ளி என்ற முறையையே எதிர்ப்பதானால் வருகிறோம் என்றார்கள். பிள்ளைகள் சம்மதித்தார்கள். 1954-இல் பிரிவினைப் பள்ளிகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பில் அடங்கிய ஐந்து வழக்குகளில் இது ஒன்று. ஐந்தில் மாணவர்களே தொடங்கிவைத்தது இது மட்டும்தான்.

ஜெயித்தாயிற்று என்று புத்தகத்தை மூடப் போனேன். அடுத்த பக்கத்தில், 1959-இல், சேர்ந்து படிக்க உத்தரவு கட்டாயமானதும் அந்த வட்டார நிர்வாகம் தன் அரசுப் பள்ளிகள் அத்தனையையும் மூடிவிட்டது. ஒன்று விடாமல். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி கிளம்பியது. மற்றவர்களில் சிலர் வெளியூர் உறவினர் வீட்டுக்குப் போனார்கள், சிலருக்குத் தேவாலய அடித்தளத்தில் யாராவது எழுத்துச் சொல்லித்தந்தார்கள், பலர் வயலுக்குப் போனார்கள். மீண்டும் திறக்க 1964-இல் இன்னொரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தேவைப்பட்டது. ஐந்து வருஷம், செல்வி. ஐந்தாவது படிக்க வேண்டிய குழந்தை பத்தாவது படிக்கிற வயதுக்கு வந்துவிட்டது.

அந்த வட்டாரமும் 1959-க்கு முன் ஏதோ ஒரு மலரில் 'நல்ல குடிமக்களை உருவாக்குதல்' என்று எழுதியிருக்கும், சந்தேகமே இல்லை.

'இதெல்லாம் என் நான்கு பக்கத்துக்கு எதற்கு' என்று நீ முகம் சுளிப்பது தெரிகிறது. நம் பள்ளியை யாரும் பூட்டவில்லைதான். ஆனால் பூட்டாமலே வெளியே நிறுத்த முடியும் என்பது உனக்கும் எனக்கும் தெரியாதா? வகுப்பெடுத்தவர்கள்தானே நாம். ஜூனில் அறுபது பேர், மார்ச்சில் நாற்பத்தொன்று. ஹால் டிக்கெட் வாங்க வராதவர்களைப் பற்றி யாரும் மலரில் எழுதுவதில்லை.

அதனால் என் யோசனை இது. தலைமையாசிரியர்கள் பெயரும் பதவிக்காலமும் ஒரு பக்கம் போதும். அதைக் கடைசியில் போடு. ஆபீஸில் கேட்டு, பழைய சேர்க்கைப் பதிவேடுகளை வெளியே எடுக்கச் சொல். முதல் பெண் பெயர் எந்த வருஷம் வருகிறது, அடுத்த பெண் பெயருக்கு எத்தனை வருஷம் ஆகிறது, தந்தை தொழில் என்ற கட்டத்தில் எந்தெந்த வேலைகள் எப்போது முதன்முதலாகத் தலைகாட்டுகின்றன என்று பார். டி.சி. வாங்கியவர்களுக்கு 'நீங்கிய காரணம்' என்று ஒரு கட்டம் இருக்குமே, அதை விட்டுவிடாதே. முக்கால்வாசி 'குடும்பச் சூழ்நிலை' என்றுதான் இருக்கும். இருக்கட்டும், எண்ணு. விழாக் குழு இதைப் போட ஒப்புக்கொள்ளுமா என்பது வேறு விஷயம். ஒப்புக்கொள்ளாவிட்டால் எனக்கு அனுப்பு, நான் படிக்கிறேன்.

பேரனிடம் ஒருநாள் கேட்டேன், உன் பள்ளியின் நோக்கம் என்ன என்று. வெப்சைட்டில் இருக்கும் பாட்டி என்றான்.

அடுத்த மாதக் கடைசியில் திரும்புகிறேன். பதிவேடுகளை வீட்டுக்குத் தரமாட்டார்கள், அங்கேயே போய் உட்கார்ந்து பார்ப்போம். எனக்குத் தூசி ஆகாது, முகக்கவசம் கொண்டு வருகிறேன். நீ உன் பூதக்கண்ணாடியை மறக்காதே. அந்தக் காலத்து எழுத்தர்கள் கோழி கிளறினாற்போல எழுதி வைத்திருப்பார்கள்.

அன்புடன்,
மங்கை