ஆல்பம் லிங்க் ஓபன் ஆகலையா? போன் பண்றதுக்கு முன்னாடி இதை ஒரு தடவ பாருங்க

நம்ம ஸ்டுடியோவுல போட்டோ எடுத்த எல்லா குடும்பத்துக்கும் வணக்கம்.

ஆல்பம் லிங்க் அனுப்பின அன்னைக்கு சாயங்காலமே "தம்பி லிங்க் வேலை செய்யல"ன்னு போன் வந்துருது, நாங்க இங்க தட்டிப் பாத்தா தாலி கட்டுற போட்டோவுலருந்து பந்தி வரைக்கும் ஜம்முனு வருது. போன வாரம் ஒரு பொண்ணோட பெரியப்பா கடைக்கே வந்து போனை நீட்டிட்டாரு. பாத்தா லிங்க் ரெண்டு வரி, முதல் வரி நீலமா இருக்கு, அடுத்த வரி வெறும் கறுப்பு. யாரோ அதைக் காப்பி பண்ணி "எல்லாரும் பாருங்க"ன்னு சேத்து டைப் பண்ணப்ப நடுவுல ஒரு ஸ்பேஸ் விழுந்துருச்சு, அவ்ளோதான். நீலம் எங்க முடியுதோ அங்கயே லிங்க்கும் முடிஞ்சுது, மிச்சம் வெறும் எழுத்து, அதான் 404, அதாவது அப்படி ஒரு பக்கமே இல்லன்னு வருது. அதனால காப்பி பண்ணாதீங்க, நாங்க அனுப்பின மெசேஜையே அப்படியே பார்வர்ட் பண்ணுங்க.

லிங்க் நீலமாவே இல்ல, தட்டினாலும் ஒண்ணும் நடக்கலன்னா எங்க நம்பரை சேவ் பண்ணுங்க, இல்ல ஒரு "ஓகே" ரிப்ளை போடுங்க. தெரியாத நம்பர்லருந்து வர்ற லிங்க்கை வாட்ஸ்அப் திறக்க விடாது, அது நல்லதுக்குத்தான்.

நாங்க குடுத்த கார்டைப் பாத்து லிங்க்கைக் கையால டைப் பண்றவங்க, டாட் காம் தாண்டி வர்ற பகுதியில பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறவே கூடாது. ஓவும் சைபரும், சின்ன எல்லும் பெரிய ஐயும் ஒரே மாதிரி இருந்து உயிரை வாங்கும், பேசாம க்யூஆர் ஸ்கேன் பண்ணிருங்க.

"ரிக்வெஸ்ட் ஆக்சஸ்"னு கேட்டா (அனுமதி கேளுன்னு அர்த்தம்) நீங்க பெரும்பாலும் வேற ஜிமெயில்ல, ஆபீஸ் மெயில் மாதிரி ஒண்ணுல இருக்கீங்க, எங்ககிட்ட குடுத்த மெயிலுக்கு மாறுங்க. "கனெக்‌ஷன் பிரைவேட் இல்ல"ன்னு பயமுறுத்துனா முதல்ல போன்ல தேதி பாருங்க. சைட்டோட சர்டிபிகேட்டுக்கு, அதாவது அது நிஜ சைட்தான்னு காட்டுற அடையாளத்துக்கு, ஆரம்ப தேதி முடியுற தேதி ரெண்டும் உண்டு, போன் 2015லயே நின்னுச்சுன்னா நல்ல சைட்டும் அதுக்குப் பொய்யாத்தான் தெரியும். தேதி சரியா இருந்தும் வந்தா, ஆண்ட்ராய்டு 7.1க்கு முந்தின போனா இருக்கலாம், புது சர்டிபிகேட் சிலது அதுக்குத் தெரியாது, வீட்ல வேற போன்ல பாத்துக்குங்க. எப்படி இருந்தாலும் அந்த எச்சரிக்கையைத் தாண்டி உள்ள போகாதீங்க, எங்க லிங்க்கா இருந்தாலும் சரி.

இதுல எதுவும் இல்லன்னா வைஃபையை ஆஃப் பண்ணி டேட்டால பாருங்க, அப்புறம் குரோம்ல இன்காக்னிட்டோ (பழைய குக்கீ எதுவும் இல்லாம திறக்குற விண்டோ) போட்டுப் பாருங்க. அதுல திறந்தா பெரும்பாலும் பழைய குக்கீதான், அதாவது சைட் உங்க போன்ல சேத்து வச்ச தகவல்தான் வில்லன், கிளியர் பண்ணா போதும்.

அப்பவும் வரலன்னா ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்க. "வரல"ன்னு மட்டும் சொன்னா எங்களுக்கு ஒண்ணும் புரியாது. அதுல மேல லிங்க் இருக்குற அட்ரஸ் பாரும் தெரியணும். முகூர்த்த நாள்ல மட்டும் மதியம் 2 மணிக்கு மேல அனுப்புங்க, காலைல மண்டபத்துல கேமராவோட நிப்போம்.