உணவு வங்கி: செயலாளரோட ஆண்டறிக்கை

தலைவருக்கும் செயற்குழுவுக்கும் வந்திருக்கற எல்லா உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவ பொருளாளர் தனியா வாசிக்கப் போறாரு, அதனால நான் அந்தப் பக்கம் போகல. வாங்க வழியில்லாதவங்களுக்கு சாப்பாட்டுப் பொருள இலவசமா கொடுக்கற நம்ம உணவு வங்கியில இந்த வருஷம் என்ன மாறுச்சு, அங்க நின்ன வாலன்டியருங்க என்ன பாத்தாங்கன்றத மட்டும் சொல்லிடறேன்.

பெரிய மாற்றம்னா, முன்கூட்டியே கட்டி வச்ச பையக் கொடுக்கறத நிறுத்திட்டு, எல்லாத்தையும் ரேக்ல அடுக்கி வர்றவங்களே பாத்து எடுத்துக்கற மாதிரி வச்சதுதான். அள்ளிட்டுப் போயிடுவாங்க, கடைசில வர்றவங்களுக்கு ஒண்ணும் மிஞ்சாதுன்னு செயற்குழுவுல சிலர் பயந்தாங்க, அதுவும் நியாயமான பயம்தான், அதனால வீட்டுல எத்தன பேருன்னு கேட்டு அதுக்கு ஏத்த ஒரு அளவு வச்சோம். பாத்தா நெறைய பேரு அந்த அளவுக்கும் கம்மியாத்தான் எடுத்தாங்க. ஒரு பெரியவர் ஒரு பாக்கெட்ட எடுத்து, பின்னாடி போட்டிருந்த சமையல் முறைய கண்ணுக்குக் கிட்ட வச்சு படிச்சாரு, படிச்சுட்டு எடுத்த எடத்துலயே வச்சுட்டாரு. ஏங்கய்யா, வேணாமான்னு நம்ம வாலன்டியர் பொண்ணு கேட்டதுக்கு, "அரை மணி நேரம் வேக வைக்கணும்னு போட்டிருக்கும்மா, என் ரூம்ல வெந்நீர் போடற கெட்டில் மட்டும்தான் இருக்கு"ன்னாரு. பையா கட்டிக் குடுத்திருந்தா அதையும் வாங்கிட்டு நல்லாயிருங்கன்னு சொல்லிட்டுப் போயிருப்பாரு. அதுக்கப்புறம்தான் சமைக்காமலே சாப்பிடறதுக்குன்னு தனி ரேக் போட்டோம், டின் கேக்கறவங்ககிட்ட வீட்டுல அத தொறக்க ஏதாவது இருக்கான்னும் கேக்க ஆரம்பிச்சோம். ஃப்ரிட்ஜ் இல்லாதவங்க பெரிய பாக்கெட்டத் தொடவே மாட்டாங்க, சின்னதா இருக்கான்னுதான் தேடுவாங்க.

புதுசா சேர்ற வாலன்டியருங்க மொத வாரம் கேக்கற கேள்வி, இவங்கல்லாம் ஏன் வேலைக்குப் போகக்கூடாதுன்றது. வரிசையில நிக்கறவங்கள்ல பல பேரு வேலைக்குப் போறவங்கதான். ஒரு தம்பி கம்பெனி யூனிஃபார்ம் தெரியக்கூடாதுன்னு ஜாக்கெட் ஜிப்ப கழுத்து வரைக்கும் இழுத்து விட்டுட்டு வருவாரு. வாடகைய பாதி கொடுக்கறேன்னு சொல்ல முடியாது, கரண்ட் பில்லும் மருந்துச் செலவும் அப்படித்தான், கைய வச்சுக் குறைக்க முடியறது சாப்பாடு ஒண்ணுதான்னு ஆகும்போது மொத அடி அங்கதான் விழுது. மாசக் கடைசியில நம்ம வரிசை நீளறதுக்கும் இதுதான் காரணம், அந்த வாரத்துல கூடுதல் ஆள் போடணும்னு நான் கேட்டுட்டே இருக்கறதும் இதுக்குத்தான்.

ட்ரெய்னிங்ல இந்த வருஷம் சாப்பாட்டுக்கு ஒருத்தர் எவ்வளவு கஷ்டப்படறாருன்னு அளக்க ஐ.நா.வோட உணவு வேளாண் அமைப்பு தயார் பண்ண 8 கேள்விய எடுத்துக்கிட்டோம். காசு இல்லாததால சாப்பாடு பத்தாமப் போயிடுமோன்னு கவலப்பட்டீங்களான்றது மொத கேள்வி, ஒரு நாள் முழுக்க சாப்பிடாம இருந்தீங்களான்றது கடைசி. நடுவுல, ஒரே மாதிரி சாப்பாட்டயே சாப்பிட வேண்டி வந்துச்சா, ஒரு வேளைய விட்டீங்களா, இப்படிப் போகும். பட்டினி கடைசிப் படின்னா அதுக்கு ரொம்ப முன்னாடியே கவல ஆரம்பிச்சிடுது, நம்மகிட்ட வர்ற பல பேரு அந்த முன்படிகள்ல நிக்கறவங்க, அதனால பாத்தா பசியா இருக்கற மாதிரி தெரியலயேன்னு யாரையும் எடை போடக்கூடாது. உலகத்துல சாப்பாடு இல்லாம இல்லங்க, வாங்கத்தான் பல பேருக்கு வழியில்ல. 2022-ல உலகம் முழுக்க 105 கோடி டன் உணவு வீணாச்சுன்னு ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தோட அறிக்கை சொல்லுது, அதுல பாதிக்கு மேல வீடுகள்ல வீணானது. அதுக்கு அடுத்த வருஷம் பசியில இருந்தவங்க ஏறக்குறைய 70 கோடி பேரு.

நன்கொடையா வர்ற பொருள் பத்தி ஒரு வார்த்த. 'பெஸ்ட் பிஃபோர்' தேதி தரத்துக்கு, 'யூஸ் பை' தேதி பாதுகாப்புக்கு, ரெண்டாவது தாண்டினத வாங்கவே மாட்டோம், உப்பின டின்னும் வேணாம். நம்ம வீட்டுப் புள்ளைங்களுக்கு கொடுக்க யோசிப்போம்னா அத இங்கயும் கொண்டுவராதீங்க.

வாங்க வர்றவங்கள ஃபோட்டோ எடுக்கறத முழுசா நிறுத்தியாச்சு. நன்கொடையாளர் சில பேருக்கு இதுல வருத்தம், எனக்குத் தெரியும். ரேக்கையும் ஸ்டாக் லிஸ்ட்டையும் ஃபோட்டோ எடுத்து அனுப்பறோம், கணக்கும் அனுப்பறோம், ஆனா ஒருத்தர் கை நீட்டி வாங்கற படத்த அவரோட புள்ளைங்க கிளாஸ்மேட் பாக்கற நெலம வரக்கூடாது, இதுல நான் விட்டுக்கொடுக்கறதா இல்ல.

அடுத்த வருஷத்துக்கு ஒரு தீர்மானம் வைக்கிறேன். இப்ப பகல்ல மட்டும் தொறக்கறோம், அதனால வேலைக்குப் போறவங்க ஒரு நாள் கூலிய விட்டுட்டுத்தான் வர வேண்டியிருக்கு. வாரத்துல ஒரு நாளாவது சாயங்காலம் ஆறு மணிக்கு மேல தொறந்து வைக்கணும், அதுக்கு சாவிப் பொறுப்பு எடுத்துக்க ஒருத்தரும் ரேக் பாத்துக்க ரெண்டு பேரும் வேணும். ஒத்துக்கறவங்க கை தூக்குங்க, பேர் குடுக்கறவங்க கூட்டம் முடிஞ்சதும் என்ன வந்து பாருங்க.

செயலாளர்