புது லேப்டாப் அனுப்பாதே

காரைக்குடி

அன்புள்ள சொக்கு,

தை மாதம் அப்பத்தா காரியத்துக்கு நீ வந்துபோன பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். அம்மா உன்னை விசாரித்தார்கள்.

புது லேப்டாப் ஆர்டர் போடப்போவதாகப் போனில் சொன்னாயே, போடாதே. 6 வருஷத்துக்கு முன் சிங்கப்பூரிலிருந்து நீ கொண்டுவந்ததற்கு ஒன்றும் ஆகவில்லை. சூடுதான்.

"ப்ராசசர் வீக் ஆயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்றார் கடைக்காரர். திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கானாடுகாத்தானில் ஒரு வீட்டை அளந்து, முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை வரைந்துகொண்டிருக்கிறேன். முற்றத்துப் படம் ஒன்று ரெண்டர் ஆக, அதாவது வரைந்ததை நிஜப் படம் போலக் கம்ப்யூட்டர் ஆக்கித்தர, 50 நிமிஷம். முதல் 2 நிமிஷம் பறக்கும், அப்புறம் ஃபேன் இரையுமே தவிர வேலை நகராது. ப்ராசசர் பழுது என்றால் தொடக்கத்திலேயே அல்லவா இழுக்க வேண்டும்? வெப்பநிலையைக் காட்டும் புரோகிராமைப் போட்டுப் பார்த்தேன். 98 டிகிரி! 2.9 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடிய ப்ராசசர் 0.8க்கு இறங்கிக் கிடக்கிறது. 100 டிகிரியை நெருங்கினால், கருகிவிடாமல் இருக்க அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை அடிமூடியைக் கழற்றினேன். சூட்டைக் கடத்தும் செம்புக் குழாய்க்குள் துளி நீர்தான் இருக்கிறதாம். ப்ராசசர் பக்கம் ஆவியாகி, மறுமுனையில் குளிர்ந்து, திரும்பி வருமாம். அந்த மறுமுனையில் மெல்லிய தகடுகள். அவற்றின் இடுக்கு வழியாகத்தான் ஃபேன் ஊதும் காற்று வெளியேற வேண்டும். அங்கே கம்பளித் துண்டு மாதிரி ஒன்று அடைத்திருந்தது. இடுக்கியால் இழுத்தேன், ஒரே பாளமாக வந்தது. தூசி, தூசியோடு இலவம்பஞ்சு.

அப்பத்தா மெத்தைடா. கடைசி 4 மாதமும் அந்த மெத்தை ஓரத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டுதானே ராத்திரியெல்லாம் வேலை பார்த்தேன். காற்று இழுக்கும் துளைகள் அடிப்பக்கம். அதை மெத்தை மூடியிருக்கிறது. பஞ்சைக் கீழே போட மனசு வரவில்லை சொக்கு. ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

ப்ராசசரின் சூடு செம்புக் குழாய்க்குப் போக நடுவே தடவியிருந்த பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாக உதிர்ந்தது. துடைத்துவிட்டு, புதிதாகப் பட்டாணி அளவு வைத்தேன். அதே படம் இப்போது 19 நிமிஷம், 80 டிகிரி தாண்டவில்லை. ஆனாலும் உச்சிவேளையில் ரெண்டர் போடுவதில்லை. வெளியே வெயில் 39 டிகிரி அடிக்கும்போது ஃபேன் இழுப்பதும் அந்தக் காற்றைத்தானே. விடியற்காலை 4 மணிக்கு முற்றத்து ஓரத்தில், ஆத்தங்குடிக் கல் தரையில் மணைப்பலகை போட்டு அதன் மேல் வைக்கிறேன்.

காலேஜில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் ப்ராசசர் வரட்டும் என்று காத்திருந்து, ஒரு வருஷம் என் கம்ப்யூட்டரிலேயே ப்ராஜெக்ட் முடித்தவன் நீ! 2004இல் இன்டெல் அதைக் கைவிட்டதே, அங்கேயும் இடித்தது சூடுதான்.

உன் மகள் கட்டிலில் லேப்டாப்பை வைத்துப் படிக்கிற போட்டோ அனுப்பியிருந்தாய். அடியில் ஒரு பலகை வைக்கச் சொல், மறக்காதே. வைகாசியில் வரும்போது எனக்கு ஒரு ட்யூப் தெர்மல் பேஸ்ட் மட்டும் வாங்கி வா. இருந்ததைத் தீர்த்துவிட்டேன்.

உன்
வயிரவன்